கோஹோ சால்மனின் வயிற்றில் முட்டை அப்படியே இருக்கிறது: படிவத்தின் கடைசிக் கட்டத்தை யார் நிரப்புவது?

#1 ஓடைக்காவலன், சர்ரே, கனடா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதியின் ஓடைக் காப்புக் குழுவில் நான்காவது வருடமாகத் தொண்டு செய்கிறேன். குழுவில் பெரும்பாலானவர்கள் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். தமிழன் நான் ஒருவன்தான். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சனிக்கிழமைதோறும் ஓடையில் குறிப்பிட்ட தூரம் மேல்நோக்கி நடப்போம். உயிருள்ள சால்மன் எத்தனை, செத்தது எத்தனை, எந்த இனம், ஆணா பெண்ணா என்று படிவத்தில் எழுதுவோம். செத்தது பெண் என்றால் வயிற்றைக் கீறிப் பார்க்க வேண்டும். முட்டை இட்டுவிட்டுச் செத்திருந்தால் நிம்மதி. சால்மன் பிறந்த ஓடைக்குத் திரும்புவதே முட்டையிட்டுச் சாகத்தான். பார்த்து முடித்ததும் வாலை வெட்டி உடலை ஓடையிலேயே விட்டுவிடுவோம். அடுத்த வாரம் வருகிறவர் அதே மீனை மறுபடி எண்ணிவிடக் கூடாது அல்லவா.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு கிழமை காய்ந்து கிடந்த பிறகு வெள்ளி இரவு நல்ல மழை. சனி காலை பாலத்துக்குக் கீழே ஒரு பெண் கோஹோ நீரின் மேற்பரப்பில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. வாயைப் பிளந்து பிளந்து மூடியது. பக்கவாட்டில் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. அரை மணி நேரத்தில் அசைவு நின்றுவிட்டது. உடம்பில் வெள்ளிப் பளபளப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை, காயமில்லை, பூஞ்சையில்லை. கீறினேன். பட்டாணி அளவு செம்மஞ்சள் முட்டைகள், சவ்வுகூடக் கிழியாமல், பை நிறைய அப்படியே இருந்தன.

நூறு மீட்டர் தள்ளி, அதே தண்ணீரில், வேறோர் இனமான சம் சால்மன்கள் ஒன்றுமே நடக்காததுபோல வாலால் சரளைக்கல்லைக் கிளறிக் குழி பறித்துக்கொண்டிருந்தன.

படிவத்தில் 'முட்டை மிச்சம்' என்ற கட்டத்தில் 100 சதவீதம் என்று எழுதினேன். கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான்கு வருடமாக அதை யாரும் நிரப்பி நான் பார்த்ததில்லை. ஒரு மீனுக்கு என்ன நோவு, எந்த இடத்தில் பிடித்தது என்பதையெல்லாம் ஆறு முழுக்கப் பின்தொடர்ந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மல்லிகா, சியாட்டில்

ஓடைக்காவலன் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர் லாங்ஃபெலோ ஓடைதான் நினைவுக்கு வந்தது. அந்தக் காட்சியை இங்கே 1990களின் இறுதியிலிருந்தே பார்த்துவருகிறார்கள். நகரம் செலவழித்து ஓடைகளைச் சீரமைத்தது, கரையில் மரம் நட்டது, மீன் ஏற வழி செய்தது. கோஹோ திரும்பியும் வந்தது. வந்தவை மழைக்குப் பிறகு சில மணி நேரத்தில், நீங்கள் சொன்ன மாதிரியே வட்டமடித்துச் செத்தன. நகர ஓடைகளில் திரும்பி வரும் கோஹோக்களில் 40 முதல் 90 சதவீதம் வரை முட்டையிடாமலே போயின.

சந்தேகத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். வெப்பம் இல்லை, ஆக்சிஜன் குறைவு இல்லை, நோய்க்கிருமி இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. 2018 வாக்கில் டயர் தேய்ந்து உதிரும் துகள்தான் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் டயர் ஊறிய நீரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருந்தன. அதைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மீன் சாகிறதா என்று பார்த்து, கடைசியில் ஒரே ஒரு மூலக்கூறு மிஞ்சியது. 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். டயரில் சேர்ப்பதாகச் சொல்லப்படும் பொருட்களின் பட்டியலில் அப்படி ஒன்று இல்லவே இல்லை! பிறகுதான் ஷென்யூ தியான் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார்: டயரில் சேர்க்கும் 6-பிபிடி என்ற பொருளில் 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். காற்றிலுள்ள ஓசோன் அதோடு வினைபுரிந்தால் இரண்டு ஹைட்ரஜன் போய் இரண்டு ஆக்சிஜன் வந்து ஒட்டும். அதாவது கொலைகாரன் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை, சாலையில் பிறந்தான். பெயர் 6-பிபிடி-குயினோன். கோலோட்சே, மெக்கின்டயர் ஆகியோரின் குழுவோடு சேர்ந்து 2020 டிசம்பரில் வெளியிட்டார்கள்.

உங்கள் சம் மீன்கள் தப்பியதும் இதற்குப் பொருந்துகிறது. அதே நஞ்சில் சம் பிழைத்துக்கொள்கிறது, கோஹோ சாகிறது. முதலில் ஒரு லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம் இருந்தால் பாதி மீன் சாகும் என்றார்கள். 2022இல் துல்லியமாக அளந்து 95 நானோகிராம் என்று திருத்தினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கோடி லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் போதும்.

#3 புதியவன்

நடுவில் புகுந்து ஒரு சின்னக் கேள்வி. சால்மன் என்பது நம் ஊர்க் காலா மீன்தானே? எங்கள் கடைக்காரர் அப்படித்தான் சொல்லி விற்கிறார்.

#4 ஓடைக்காவலன், சர்ரே

இல்லை, தம்பி. காலாவுக்கு 'இந்திய சால்மன்' என்று பெயர் வைத்தது ஆங்கிலேயர் செய்த குழப்பம். அது வேறு குடும்பம். எங்கள் பக்கம் இன்னும் மோசம். சின்ன வயதில் கூப்பன் கடையில் 'சமன் ரின்' என்று டின்னில் அடைத்த மீனை வாங்கிக் குழம்பு வைத்ததெல்லாம் கானாங்கெளுத்தி மாதிரியான ஏதோ மீன். உண்மையான சால்மனை முதன்முதலில் பார்த்தது இங்கே வந்த பிறகுதான், அதுவும் செத்துக் கிடந்ததை.

மல்லிகா தங்கச்சி, மிக்க நன்றி. அப்படியானால் 'காரணம்' என்ற இடத்தில் 'டயர்' என்று எழுதிவிடலாமா?

#5 ரப்பர்மணி, சென்னை

எழுதும் முன் கொஞ்சம் பொறுங்கள், ஐயா. இருபது வருடத்துக்கு மேலாக டயர்க் கலவை போடுகிறவன் நான். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

6-பிபிடியை எவரும் ஆசைக்காகச் சேர்ப்பதில்லை. ரப்பருக்கு ஓசோன் ஆகாது. வெயிலில் கிடந்த பழைய சைக்கிள் டயரின் பக்கச் சுவரில் குறுக்கே நூல் நூலாக வெடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஓசோன் வெடிப்பு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் அப்படி வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 6-பிபிடி உள்ளேயிருந்து மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஓசோன் ரப்பரைத் தொடுவதற்குள் தான் முன்னால் போய் வினைபுரிந்து அழியும். ரப்பருக்காக உயிர்விடும் காவலாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காவலாளின் பிணம்தான் உங்கள் குயினோன்.

ஆகவே மாற்றுப்பொருளுக்கும் இதே குணம் வேண்டும்: ஊர்ந்து வர வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது, ஓசோனோடு முந்திக்கொண்டு வினைபுரிய வேண்டும். வினைபுரிந்த பிறகு என்னவாக மாறுகிறது என்பதை இதுவரை எங்கள் தொழிலில் எவரும் பெரிதாக யோசித்ததில்லை. இது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். மீன் ஆட்கள் எங்களுக்குப் பாடம் எடுத்துவிட்டார்கள்.

#6 மல்லிகா, சியாட்டில்

மணி ஐயா சொன்ன மாற்றைத்தான் இப்போது கேட்கிறார்கள். யூரோக், புயாலப், போர்ட் கேம்பிள் ஸ்கிளாலம் என்ற மூன்று பழங்குடி அரசுகள் 6-பிபிடியைத் தடைசெய்யக் கோரி அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையிடம் மனுப் போட்டன. 2023 நவம்பரில் அதை ஏற்றார்கள். ஏற்றது ஆராய்வதற்குத்தான்; டயர் இன்னும் அதே டயர்.

அதுவரைக்கும் ஒரு எளிய வழி இருக்கிறது. சாலை நீரை நேரே ஓடைக்குள் விடாமல், மணலும் மக்கும் கலந்த மண்படுகை வழியாக வடியவிட்டால் போதும். அப்படி வடிந்த நீரில் கோஹோ உயிரோடு நீந்தியதைச் சோதித்துப் பார்த்தே நிறுவியிருக்கிறார்கள்.

#7 செங்கமலம்

தூத்துக்குடியில் மீன்வளம் படித்துவிட்டு இப்போது மேற்குக் கனடாவில் மீன் நோய் ஆய்வில் இருக்கிறேன். ஓடைக்காவலன் அண்ணாவின் முதல் கேள்விக்கு வருகிறேன்: ஆறு முழுக்கப் பின்தொடர்ந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள்.

நகர ஓடையில் வழக்கு எளிது. செத்த மீன் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. இங்குள்ள ஃபிரேசர் மாதிரி 1,375 கிலோமீட்டர் ஆற்றில் அப்படி இல்லை. சாக்கை சால்மன் கடலிலிருந்து நுழைகிறது, முகத்துவாரத்துக்கு மேலே மிஷன் என்ற இடத்தில் ஒலி அலையால் எண்ணுகிறார்கள், பல நூறு கிலோமீட்டர் தாண்டி முட்டையிடும் இடத்தில் மறுபடி எண்ணுகிறார்கள். இரண்டு எண்ணுக்கும் இடையே லட்சக்கணக்கில் குறைகிறது. நடுவில் செத்தவை அடியில் போய்விடுகின்றன. பிணம் இல்லாமல் பிணப் பரிசோதனை எப்படிச் செய்வது?

கிறிஸ்டி மில்லர் என்ற விஞ்ஞானியின் குழு இங்கேதான் கேள்வியைத் திருப்பிப் போட்டது. செத்ததை விட்டுவிட்டு உயிருள்ள மீனையே கேட்போம் என்றார்கள். மீனைப் பிடித்து, செவுளின் நுனியில் நகக்கண் அளவுகூட இல்லாத துணுக்கைக் கத்தரித்து, அடையாளக் கருவி பொருத்தி விட்டுவிடுவார்கள். அதில் எந்த மரபணுக்கள் உரக்க வேலை செய்கின்றன, எவை அடங்கியிருக்கின்றன என்று பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவு எல்லோரையும் உலுக்கியது. கடலில் பிடித்தபோதே செவுளில் ஒரு குறிப்பிட்ட கோலம் இருந்த மீன்கள், வழியில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 13.5 மடங்கு. ஆற்றுக்குள் நுழையும் முன்பே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஃபிட் சிப்' என்ற முறை. வெப்பத்தால் வாடும் மீனில் ஒரு மரபணுக் கூட்டம் விழிக்கும். ஆக்சிஜன் குறைந்தால் வேறொன்று. உப்பு நீருக்கு உடம்பு தயாராகாவிட்டால் இன்னொன்று. வைரஸ் தாக்கினால் மற்றொன்று. ஒவ்வொரு அவதிக்கும் தனிக் கையெழுத்து. கைக்குள் அடங்கும் ஒரு தட்டில் 96 மாதிரிகளை 96 சோதனைகளோடு ஒரே நேரத்தில் ஓட்டலாம். அதாவது ஒரே ஓட்டத்தில் 9,216 வினைகள். ஒரே ஆற்றின் பல கிளைகளில் எடுத்த மீன்களை இப்படிப் பார்த்தால், இந்தக் கிளையில் வெப்பம், அந்த முகத்துவாரத்தில் ஆக்சிஜன் குறைவு என்று வரைபடமே போடலாம். வெப்பமானி தண்ணீர் 19 டிகிரி என்று மட்டும்தான் சொல்லும். அந்த 19 டிகிரி இந்த மீனுக்குத் தாங்குகிறதா இல்லையா என்பதை மீன்தான் சொல்ல வேண்டும்.

#8 முத்துவேல், திருச்சி

அருமையாக எழுதியிருக்கிறாய், அம்மா. ஆனால் முப்பத்துநான்கு வருடம் மதகும் கலிங்கும் பார்த்த கிழவனுக்கு ஒரு சந்தேகம். நாடி பிடித்துக்கொண்டே இருக்கும் வைத்தியர் மருந்து எப்போது எழுதுவார்?

2009இல் ஃபிரேசரில் ஒரு கோடிக்கு மேல் சாக்கை வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது ஏறக்குறைய பதினைந்து லட்சம். உடனே நீதிபதி கோஹன் தலைமையில் ஆணையம். 2012இல் மூன்று தொகுதி அறிக்கை, 75 பரிந்துரை. ஒற்றைக் காரணம் எதுவும் இல்லை, பல அழுத்தங்கள் கூடிச் செய்த வேலை என்றது. ஆணையம் உட்கார்ந்திருந்த காலத்திலேயே, 2010இல், இரண்டரைக் கோடிக்கும் மேல் மீன் வந்து எல்லோரையும் திணறடித்தது! அளந்தவர்கள் இரண்டு வருடமும் தவறினார்கள்.

அமெரிக்காவில் ஓரிகன், கலிபோர்னியா வழியாக ஓடும் கிளாமத் ஆற்றைப் பாருங்கள். 2002 செப்டம்பரில் 34,000 வளர்ந்த சால்மன்கள் ஆற்றின் கீழ்ப்பகுதியில் செத்து மிதந்தன. நீர் குறைவு, சூடு, மீன் நெருக்கம், செவுளைத் தின்னும் ஒட்டுண்ணி, அதோடு பாக்டீரியா. இதற்கு மரபணுவா பார்க்க வேண்டும்? யூரோக் மக்கள் தண்ணீரைத் தொட்டே சொன்னார்கள். அங்கிருந்த நான்கு அணைகளும் பாசனத்துக்கு அல்ல, வெள்ளத் தடுப்புக்கும் அல்ல, மின்சாரத்துக்கு மட்டும். அதுவும் நான்கும் சேர்ந்து 170 மெகாவாட்டைத் தொடவில்லை. அவற்றில் ஒன்றான அயர்ன் கேட் அணையில் மீன் ஏணிகூட வைக்கவில்லை. அணையோடு வாழ்ந்தவன் நான்; இருந்தும் சொல்கிறேன், அந்த அணைகளுக்கு வாதாட எனக்கு வாய் வரவில்லை. 2023இல் ஒன்று, 2024இல் மூன்று என்று உடைத்தார்கள். வேலை முடிந்து சில வாரத்தில், 1912க்குப் பிறகு முதல் முறையாக, ஓரிகன் பக்கத்துக் கிளையாற்றில் சினூக் சால்மன் ஏறிவிட்டது. மீனுக்கு வேண்டியது வழி. சிப் அல்ல.

#9 செங்கமலம்

முத்துவேல் ஐயா, கிளாமத்தை நீங்கள் எடுத்தது நல்லதாயிற்று. 2002 சாவுக்கும் 2024க்கும் இடையே 22 வருடம். அந்த இடைவெளியில் வழக்காடு மேடையில் நின்றது எது? அளவுகள்தான்.

ஒன்று சொல்கிறேன். அந்த ஆற்றில் செரட்டோநோவா ஷாஸ்டா என்ற ஒட்டுண்ணி இருக்கிறது. அது மீனிலிருந்து மீனுக்கு நேரே தாவாது; நடுவில் அரிசிமணி அளவுகூட இல்லாத ஒரு புழுவுக்குள் போய் வளர வேண்டும். புழுவுக்கு அசையாத ஆற்றுப்படுகை வேண்டும். வெள்ளம் வந்து கல்லைப் புரட்டினால் அது அழியும். அணைகள் வெள்ளத்தை அடக்கி, படுகையை அசையாமல் வைத்து, புழுவுக்கு மெத்தை போட்டுக் கொடுத்தன. மேலே ஏற முடியாத சால்மன்கள் எல்லாம் அயர்ன் கேட்டுக்குக் கீழே குவிந்து செத்தன. அந்தப் பிணங்களிலிருந்து ஒட்டுண்ணியின் வித்து புழுவுக்கு, புழுவிலிருந்து வசந்தத்தில் இறங்கும் குஞ்சுகளுக்கு. 2021 மே மாதம் யூரோக் மீன்வளத் துறையின் பொறியில் விழுந்த குஞ்சுகளில் 70 சதவீதத்துக்கு மேல் செத்தவை. வாரந்தோறும் நீரில் வித்தின் அளவையும் குஞ்சுகளின் குடலையும் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் 'அணை மீனை மறிக்கிறது' என்பதோடு நிற்காமல் 'அணை நோயை வளர்க்கிறது' என்றும் சொல்ல முடிந்தது. அதுவும் நாடி பிடித்தவர்கள் செய்த வேலைதான், ஐயா.

இன்னொன்று. 2024 பிப்ரவரி இறுதியில், அணை உடைப்பின் நடுவே, பொரிப்பகத்திலிருந்து ஏறத்தாழ 8,30,000 சினூக் குஞ்சுகளை மேலே விட்டார்கள். அயர்ன் கேட்டின் சுரங்க வழியாக வந்தபோது அழுத்த மாற்றத்தால் உடம்புக்குள் வாயுக் குமிழ் கட்டிப் பெருமளவில் செத்தன. குஞ்சுகளைப் பரிசோதித்து, நோயுமில்லை, கலங்கிய நீருமில்லை, குமிழ்தான் என்று சில நாளிலேயே கண்டுபிடித்தார்கள். அடுத்த தொகுதியை அணைக்குக் கீழே விட முடிவு செய்தார்கள். காரணம் தெரியாமல் இருந்திருந்தால் 'பார்த்தீர்களா, அணையை உடைத்ததால் ஆறு நஞ்சாகிவிட்டது' என்று கிளம்பிய பிரச்சாரத்துக்குப் பதிலே இருந்திருக்காது.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. ஃபிரேசரின் முதன்மைப் போக்கில் அணையே கிடையாது. எதை உடைப்பீர்கள்?

#10 முத்துவேல், திருச்சி

நல்ல அடி. புழுவும் மெத்தையும் எனக்குப் புதிய செய்தி. முப்பத்துநான்கு வருடத்தில் படுகை அசைய வேண்டும் என்று எனக்கு எவரும் சொன்னதில்லை. அசையக் கூடாது என்றுதான் சொன்னார்கள்.

அணை இல்லாத ஆறு என்றாலும் மலை சரிகிறதே. 2018 இறுதியில் பிக் பார் என்ற இடத்தில் பாறை சரிந்து ஃபிரேசரை நெருக்கியது 2019 ஜூனில்தான் தெரிந்தது என்று படித்தேன். அத்தனை மாதம் எவரும் பார்க்கவில்லையா? இத்தனை சிப்பும் ஒலி அலையும் இருந்து?

#11 செங்கமலம்

உண்மை, ஐயா. ஆள் நடமாட்டம் இல்லாத பள்ளத்தாக்கு. அந்த வருடம் முன்கூட்டியே ஏறும் சாக்கை இனங்கள் மிக மோசமாக அடிபட்டன. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவதியின் கையெழுத்தைப் படிக்கக் கற்றோம். பாறை விழுந்ததைப் பார்க்க ஆள் இல்லை.

#12 மல்லிகா, சியாட்டில்

இந்த இழையில் யூகான் ஆற்றைச் சொல்லாமல் போகக் கூடாது. சினூக் அங்கே இவ்வளவு குறைந்ததால், அலாஸ்காவும் கனடாவும் 2024 ஏப்ரலில் ஏழு வருடத்துக்கு அந்த மீன்பிடியை நிறுத்த ஒப்புக்கொண்டன. ஏழு வருடம் என்பது ஒரு தலைமுறை சினூக்கின் வாழ்நாள். இதயத்திலும் தசையிலும் புள்ளி புள்ளியாகப் படரும் இக்தியோஃபோனஸ் என்ற ஒட்டுண்ணி ஒரு பக்கம், வெந்நீர் மறு பக்கம். கரையோர மக்கள் கோடையில் மீன் உலர்த்தும் பரண்கள் வெறுமையாக நிற்கின்றன. பரணில் மீன் இல்லாவிட்டால் பிள்ளைக்கு மீன் அறுக்கச் சொல்லிக் கொடுக்கவும் வழியில்லை. ஏழு வருடம் என்றால், எட்டு வயதுப் பிள்ளை பதினைந்து வயதாகிவிடும்.

#13 புதியவன்

வளர்ப்புப் பண்ணைச் சால்மனிலிருந்து நோய் காட்டு மீனுக்குப் பரவுகிறது என்கிறார்களே, அது உண்மையா? இரண்டு பக்கமும் கத்துகிறார்கள்.

#14 நெறியாளர்

அதற்குத் தனி இழை தொடங்குங்கள். போன முறை அந்தப் பேச்சு பதினொரு பக்கம் போய்க் கடைசியில் பூட்ட வேண்டியதாயிற்று. செய்தி மட்டும்: பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடலில் வலைக்கூண்டில் சால்மன் வளர்ப்பதை 2029 ஜூன் இறுதியோடு நிறுத்துவதாகக் கனடா அரசு 2024இல் அறிவித்திருக்கிறது. இங்கே ஓடையைப் பற்றியே பேசுவோம்.

#15 ஓடைக்காவலன், சர்ரே

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக வேலைக்குப் போகிற ரயிலில் இதையேதான் படித்துக்கொண்டு வருகிறேன்.

எங்கள் குழுத் தலைவரிடம் குயினோன் பற்றிக் கேட்டேன். ஓடை நீரை அளக்க ஒரு ஆய்வுக்கூடம் முன்வந்திருக்கிறதாம், மழை பெய்யும்போது மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும். 'நீதான் ஓடைக்கு அருகில் இருக்கிறாய்' என்று என் தலையில் கட்டிவிட்டார். நேற்று இரவு மழையில் போய் நான்கு கண்ணாடிப் போத்தலில் எடுத்து வந்தேன். இப்போது எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனைவி இன்னும் கவனிக்கவில்லை.

#16 ரப்பர்மணி, சென்னை

ஐயா, ஒரு சந்தேகம். போத்தலை எப்படி முக்கினீர்கள்? ஓடைக்குள் இறங்கி நின்றா?

#17 ஓடைக்காவலன், சர்ரே

ஆமாம், முழங்கால் ஆழத்தில் நின்று. நீரோட்டம் பின்னாலிருந்து அடித்தது, அதனால் எனக்கு முன்னால் குனிந்து எடுத்தேன். ஏன்?

#18 ரப்பர்மணி, சென்னை

காலில் என்ன?

#19 ஓடைக்காவலன், சர்ரே

ரப்பர் பூட்ஸ்.

#20 ரப்பர்மணி, சென்னை

அதைத்தான் நினைத்தேன். 6-பிபிடி டயரில் மட்டும் இருப்பதில்லை, மற்ற ரப்பர் சாமான்களிலும் இருக்கும். உங்கள் பூட்சில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைக் கழுவி வந்த தண்ணீரைத்தான் போத்தலில் பிடித்திருக்கிறீர்கள். நீங்கள் தேடுவதோ கோடி லிட்டருக்கு ஒரு கிராம். அடுத்த முறை கரையிலிருந்து நீளக் கழியில் போத்தலைக் கட்டி எடுங்கள். இறங்கியே ஆக வேண்டும் என்றால், நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, உங்களுக்கு மேல்பக்கம் கை நீட்டிப் பிடியுங்கள். ரப்பர் மூடி, ரப்பர் கையுறை எதுவும் வேண்டாம். நேற்று எடுத்ததைக் கொட்டிவிடுங்கள்.

#21 ஓடைக்காவலன், சர்ரே

நான்கையும் கொட்டிவிட்டேன். செவ்வாய் இரவு மழை என்று போட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரரிடம் தூண்டில் கழி கேட்டிருக்கிறேன்.